டாட் காம் ஒட்டினால் பொதுப்பெயர் டிரேட்மார்க் ஆகிவிடுமா?

வலைக்காரன்: "பொதுச்சொல்லோட டாட் காம் சேர்த்தாலும் டிரேட்மார்க் கிடைக்காது"ன்னு இன்னும் சிலர் எழுதிட்டிருக்காங்க. எரிச்சலா வருது. 2020-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் புக்கிங்.காமுக்கு 8-1ன்னு தீர்ப்பு கொடுத்தாச்சு. டாட் காம் போதும்.

குறிநோக்கி: தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். "டாட் காம் சேர்த்தாலே கிடைக்கும்" என்று அதில் எங்கும் இல்லை. "ஒருபோதும் கிடைக்காது" என்ற அமெரிக்க டிரேட்மார்க் பதிவு அலுவலகத்தின் விதியைத்தான் நீதிமன்றம் தள்ளியது. நுகர்வோர் அதை ஒரு நிறுவனத்தின் பெயராக அறிகிறார்களா என்பதே கேள்வி. புக்கிங்.காம் கொடுத்த கருத்துக்கணிப்பில் 74.8% பேர் அப்படிச் சொன்னார்கள். உங்களிடம் கணிப்பு இருக்கிறதா?

வலைக்காரன்: வெறும் 'புக்கிங்'குக்குக் கிடைச்சிருக்குமா? டாட் காம் சேர்ந்ததாலதானே கிடைச்சது?

கோப்புக்கட்டு: ரெண்டு பேரும் விண்ணப்பத்தையே மறந்துட்டீங்க. நிறைய மனு விழுறது பயன்பாட்டுச் சான்றுலதான், அதாவது பெயரை வியாபாரத்துல பயன்படுத்துறதைக் காட்டுற படத்துல. முகவரிப் பட்டையில தெரியுற பெயரையோ, "தொடர்புக்கு" பகுதியில இருக்குற முகவரியையோ படமெடுத்து அனுப்புறாங்க. அது வெறும் முகவரி, குறி (டிரேட்மார்க்) இல்ல. சேவையை விவரிக்கிற இடத்துக்குப் பக்கத்துல, பெயர் தனியாத் தெரியணும். டிரேட்மார்க்குக்காகப் பொருள், சேவைகளைப் பிரிச்சிருக்குற 45 வகுப்புல எதுல கேக்குறோமோ அந்தச் சேவை நிஜமாவே நடக்கணும்.

குறிநோக்கி: வகுப்புக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். டாட் காமுக்கு வாருங்கள். பதிவு கிடைத்தாலும் போட்டியாளர்கள் 'புக்கிங்' என்று சொல்வதைத் தடுக்க முடியாது என அந்த நிறுவனமே வழக்கில் ஒப்புக்கொண்டது.

வலைக்காரன்: கிடைச்சதா இல்லையா? குறி கையில இருந்தா அதே பெயர்ல இருக்குற டொமைனையும் (இணைய முகவரி) யூடிஆர்பி வழியா, அதாவது டொமைன் தகராறைத் தீர்க்குற நடைமுறை வழியா, வாங்கிடலாம்.

குறிநோக்கி: இதே தவறைப் போன இழையிலும் எழுதினீர்கள், அப்போதும் திருத்தவில்லை. யூடிஆர்பியில் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் குறியை ஒத்திருக்கிறது, எதிர்த்தரப்புக்கு நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து அப்படியே பயன்படுத்தவும் செய்கிறார். உங்கள் குறி பிறக்கும் முன்பே அவர் டொமைனைப் பதிந்திருந்தால் மூன்றாவது பெரும்பாலும் நிற்காது. பெயரையும் குறியையும் ஒப்பிடும்போதே டாட் காமைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை!

கோப்புக்கட்டு: இந்த வழக்குகளை நடத்துற வைப்போ (ஐ.நா.வோட அறிவுசார் சொத்து அமைப்பு) வாங்குற கட்டணம் ஒரு நடுவருக்கு 1,500 டாலர், மூவருக்கு 4,000. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 20 நாள். வேணும்னே பிடுங்கப் பார்த்தா "எதிர்மறை டொமைன் கடத்தல்"னு தீர்ப்புலயே எழுதிடுவாங்க.

வலைக்காரன்: கட்டணத்தை யார் கேட்டா?

கோப்புக்கட்டு: யூடிஆர்பியை இழுத்தது நீங்கதான்.

குறிநோக்கி: கணிப்பு எங்கே?

வலைக்காரன்: டாட் காம் இல்லாம கிடைச்சிருக்குமா? அதுக்கு இன்னும் பதில் வரல.