“ஓ, இந்தியாவா?” என்றதும் மாறிய குரல்: அமெரிக்கப் போலீஸ், போராட்டம், நம் அனுபவங்கள்

நெல்லைக்காரி (டெக்சாஸ்)

அப்பா இங்கே வந்த புதிது. எங்கள் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. காலை நடை போய்விட்டுத் திரும்பியவர், ஒவ்வொரு வாசலிலும் நின்று கதவு எண்ணைப் பார்த்திருக்கிறார். யாரோ 911-க்குச் சொல்லிவிட்டார்கள். பெண்ணைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தால், தெருமுனையில் போலீஸ் கார் விளக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்வெட்டர் மேல் துண்டு போட்டிருந்தார் அப்பா. போலீஸைக் கண்டதும் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றப் போனார். அவர் தலைமுறையில் அதிகாரி முன்னால் அப்படித்தான். அந்தப் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிந்தது, ஒரு ஆள் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகிறான் என்பதுதான். அவர் கையும் துப்பாக்கி உறை மேல் போய்விட்டது. “கையை மேலே தூக்கு” என்று கத்துகிறார், அப்பாவுக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். “என் அப்பா, இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், இங்கிலீஷ் தெரியாது!”

“ஓ, இந்தியாவா?” அவ்வளவுதான். கை கீழே இறங்கியது. குரலே வேறு ஆளுடையது. வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று அப்பாவிடம் விசாரித்துவிட்டு ‘சார்’ போட்டுப் பேசிக் கிளம்பினார்.

அலபாமாவில் சுரேஷ்பாய் படேலுக்கு 2015-ல் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது மனிதரைப் போலீஸ் தரையில் சாய்த்துக் கழுத்தெலும்பில் அடி, உடம்பு பாதி செயலிழந்தது. அந்த அளவுக்கு எங்களுக்குப் போகவில்லை. ஆனால் எனக்கு ஆறாதது வேறு. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா கேக்கோடு வந்தார். “உங்கள் அப்பா என்று தெரியாது, யாரோ கறுப்பர் என்று நினைத்துவிட்டேன்” என்றார். அதைச் சொன்னால் நான் சமாதானமாகிவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினார். படேல் விஷயத்திலும் அழைத்தவர் ஒல்லியான கறுப்பர் ஒருவர் நடமாடுகிறார் என்றுதான் சொன்னார்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். அந்த வாக்கியம் மட்டும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கார்த்திக் (ஜார்ஜியா)

அக்கா, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே பெரிது. ஆனால் எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். ராத்திரி கடையில் என் மனைவி இருந்தாள். துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள், கண்ணாடிக் கதவை உடைத்தார்கள், கல்லாவை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் வீட்டிலிருந்து வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. உள்ளே நுழைந்தால், உயரமான ஒரு கறுப்பின அதிகாரி என் கடைத் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். மனைவி வெறுங்காலோடு நிற்கிறாள், காலில் குத்திவிடக் கூடாதாம். அறிக்கை எழுதுவதுதான் அவர் வேலை, பெருக்குவது இல்லை.

போலீஸுக்குப் பணத்தைக் குறை என்று 2020-ல் பதாகை பிடித்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பங்க்கில் நின்று பார்க்க வேண்டும். ஜார்ஜ் பிளாய்ட் இறந்த மினியாபொலிஸ் மக்களே 2021 நவம்பரில் போலீஸ் துறையைக் கலைத்து வேறு துறை அமைக்கும் திட்டத்தை வாக்குப்போட்டுத் தோற்கடித்தார்கள். சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கறுப்பர்கள் அதிகம் வாழும் வட்டாரங்களிலும் அதற்கு எதிர்ப்பு இருந்தது. அதையும் கணக்கில் எடுங்கள்.

சுடர் (வாஷிங்டன் மாநிலம்)

கார்த்திக், உங்கள் மனைவி பத்திரமாக இருப்பது சந்தோஷம். நான் என் கதையைச் சொல்கிறேன்.

என் டீமில் ஒரு கறுப்பினப் பொறியாளர், ஆறடிக்கு மேல். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றவே மாட்டார். காய்கறி வாங்கப் போனாலும் கழுத்தில் தொங்கும். கழற்ற மறந்துவிடுகிறார் போல என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் என் கார் பழுது, அவர் காரில் ஏறினேன். வழியில் போலீஸ் நிறுத்தியது. சத்தம் கேட்ட நொடியில் லைசென்ஸை டேஷ்போர்டில் வைத்தார், கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கினார், அட்டையைச் சட்டைக்கு மேலே திருப்பிவிட்டார், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். அந்த வரிசையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதிகாரி அவர் பக்கம் வராமல் என் பக்கம் வந்தார். “மேடம், நீங்கள் நலமா?” என்றார். நலம் என்றேன். என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “நிச்சயமாகவா?” என்றார். நான் விரும்பித்தான் இந்த மனிதரோடு உட்கார்ந்திருக்கிறேனா என்று கேட்கிறார். ஓட்டுகிறவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவர் காதுபடக் கேட்கிறார்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கார் கிளம்பியதும் என் நண்பர் கேட்டது, “உங்களை எந்த வாசலில் இறக்கிவிடட்டும்?” என்பது மட்டும்.

இன்னொன்று. இந்தியர் என்றால் தப்பித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் சியாட்டிலில் ஜாஹ்னவி கந்துலா என்ற இந்திய மாணவியைப் போலீஸ் கார் மோதிக் கொன்றது. 25 மைல் வேகத் தெருவில் 74 மைல். வயது 23. அந்தப் பெண்ணின் உயிருக்குப் பெரிய மதிப்பு இல்லை, 11,000 டாலருக்கு ஒரு செக் எழுதினால் போதும் என்று இன்னொரு அதிகாரி போனில் சிரித்தது அவர் சட்டைக் கேமராவிலேயே பதிவானது. அவரை வேலையை விட்டு நீக்க 2024 ஜூலை வரை ஆனது.

வாசுதேவன் (நியூஜெர்சி)

எனக்கு நடந்தது சின்னது. வந்த முதல் வருடம், போலீஸ் நிறுத்தியதும் ஊர்ப் பழக்கத்தில் ஆர்சி புக், இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கி அவரை நோக்கி நடந்தேன். ஒலிபெருக்கியில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புதிதாக வந்த தம்பிகளுக்காகச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். விளக்கு தெரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் ஒதுங்குங்கள், வெளிச்சமான இடமாக இருந்தால் நல்லது. இறங்கவே இறங்காதீர்கள். ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடுங்கள். கை ஸ்டீயரிங் மேல். பின்சீட்டுக் குழந்தையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், வாயால் சமாதானம் சொல்லுங்கள். கிளவ் பாக்ஸில் காகிதம் இருந்தால் “அங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள், ஓட்டுநரை இறங்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால் “சம்மதம் இல்லை” என்று அமைதியாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு மேல் கையால் தடுக்காதீர்கள், அங்கேயே வாதாடாதீர்கள். வாதாட வேண்டிய இடம் கோர்ட். ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான குடிவரவுப் பதிவு) நகல் எப்போதும் கூடவே இருக்கட்டும். பெற்றோர் வந்தால் வீட்டு முகவரியும் உங்கள் நம்பரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வையுங்கள், அந்தப் பைக்குள் அவசரமாகக் கை விடக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். துண்டு, போர்வை வேண்டாம். தனியாக நடக்க விடாதீர்கள்.

பணிவாக இருந்தால் ஒன்றும் ஆகாது. என் இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

தமிழினி (மினசோட்டா)

வாசு சார், மேலே சொன்னதெல்லாம் பயன்படும், அம்மா அப்பா வரும்போது நானும் செய்வேன். கடைசி வரியை மட்டும் என்னால் விட முடியாது. நான் இருப்பது பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர் இறந்த இடத்துக்குப் பக்கம்.

2016 ஜூலை. பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். “சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்” என்கிறார். உரிமம் வாங்கிய துப்பாக்கி. ‘சார்’ என்றுதான் சொன்னார். காரில் காதலி, பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். சுட்ட அதிகாரி மறு வருடம் விடுதலை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர் காஸ்டில். அதற்கு முந்தைய வருடங்களில் அவரைப் போலீஸ் குறைந்தது 46 தடவை நிறுத்தியிருக்கிறது. இதற்கு மேல் பணிவு எங்கே இருந்து வரும்?

நிறம் நம் கற்பனை என்று கார்த்திக் சொல்கிறார். ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு நாடு முழுக்கச் சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களை எடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டது. அதில் ஒரு எளிய யோசனை உண்டு. இருட்டிவிட்டால் ஓட்டுகிறவர் யார் என்று வெளியிலிருந்து தெரியாது. அதே மாலை ஏழு மணி, குளிர்காலத்தில் இருட்டு, கோடையில் வெளிச்சம். இருட்டில் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர்களின் பங்கு குறைந்துவிடுகிறது. நிறம் கணக்கில் இல்லை என்றால் ஏன் குறைய வேண்டும்?

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. காஸ்டில் வேலை பார்த்த பள்ளி வழியாகத்தான் நான் தினமும் போகிறேன். பிள்ளைகள் சாக்குக்கட்டியால் தரையில் எழுதியிருந்த அவர் பெயரின் மேல் கால் வைக்காமல் ஒரு அம்மா தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனதைப் பார்த்தேன். அதிலிருந்துதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கார்த்திக் (ஜார்ஜியா)

தமிழினி, நான் ‘கற்பனை’ என்ற வார்த்தையே எழுதவில்லை. மறுபடி படியுங்கள். எல்லாவற்றையும் அதில் முடிக்காதீர்கள் என்றேன். காஸ்டிலுக்கு நடந்தது அநியாயம்தான். அதற்காக 2020 கலவரத்தில் எரிந்த மினியாபொலிஸ் லேக் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எரிந்ததில் பாதி நம்மைப் போல வந்தேறிகளின் கடைகள்.

செல்வம் (மினியாபொலிஸ்)

பாதியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நிறைய இருந்தது. நான் அங்கே இருந்தேன்.

ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பர், கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தியதில் இறந்தது 2020 மே 25. போலீஸ் முதலில் விட்ட அறிக்கையில் முழங்கால் என்ற பேச்சே இல்லை, ஏதோ மருத்துவப் பிரச்சினையில் ஒருவர் இறந்தார் என்று இருந்தது. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்காவிட்டால் அந்த ஒன்பதரை நிமிடம் வெளியே வந்தே இருக்காது. 28-ஆம் தேதி மூன்றாவது காவல் நிலையம் எரிந்தது. மறுநாள் காலை துடைப்பம், குப்பைப் பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். கரி நாற்றமும் உருகிய பிளாஸ்டிக் நாற்றமும் மூக்கை விட்டுப் போகவில்லை.

சோமாலியர் ஒருவரின் கடை. ஷட்டர் வளைந்து உள்ளே அரிசி மூட்டையெல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நான் மூட்டைகளை இழுத்துப் போட்டேன். கோபமாக இருக்கிறதா என்று கேட்டேன். “கடையை எரித்தவன் மேலும் கோபம், கழுத்தில் முழங்கால் வைத்தவன் மேலும் கோபம். காலையிலிருந்து வருகிற எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொல்லு என்கிறார்கள்” என்றார். அதே தெருப் பக்கம் காந்தி மஹால் உணவகமும் எரிந்தது. கட்டடம் எரியட்டும், நீதி வேண்டும் என்று அதன் முதலாளி ருஹேல் இஸ்லாம் சொன்னது உலகம் முழுக்கப் போனது. என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா என்றால் முடியாது. கார்த்திக் அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எரிந்த கடையைக் காட்டி முழங்காலை மறைக்கிறவர்களை அந்த வாரம் நம் தமிழ்க் குழுக்களில் நிறையப் பார்த்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். ஊர்வலம் போகிறேன் என்றதும் அம்மா போனில் அழுதார். அவருக்குப் போராட்டம் என்றால் 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போனவர்கள் மேல் போலீஸ் சுட்ட நாள். அந்தப் போராட்டத்தில் 13 பேர் செத்தார்கள். பிளாய்ட் செத்து ஒரு மாதம் ஆகவில்லை, எங்கள் மாவட்டத்திலேயே சாத்தான்குளம். ஊரடங்கில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கூட்டிப்போன ஜெயராஜும் பென்னிக்ஸும் திரும்பி வரவில்லை.

அன்பரசு (சென்னை, முன்பு கலிபோர்னியா)

நானும் அதைத்தான் எழுத வந்தேன். சாத்தான்குளத்தில் தலைமைக் காவலர் ரேவதி தன் நிலையத்தில் நடந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னார். பிளாய்டைச் சுற்றி நின்ற அதிகாரிகளில் ஒருவர், டூ தாவ், ஹ்மாங் அமெரிக்கர், நம்மைப் போல ஆசியர். கூட்டத்துக்கு முதுகு காட்டாமல் நின்றார், பின்னால் நடப்பதைத் தடுக்கவில்லை. சிறை போனார்.

நெல்லைக்காரி அக்காவின் “ஓ, இந்தியாவா?”வைப் படித்ததும் எனக்குத் தோன்றியது கல்லூரி நாட்கள். சென்னையில் பைக்கை நிறுத்தினால் போலீஸ் முதலில் கேட்பது “எந்த ஏரியா?” என் ஏரியா பெயரைச் சொன்னதும் ‘நீங்க’ போய் ‘நீ’ வரும், பைக் சாவி அவர் பைக்குள் போகும். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் அவன் ஏரியாவைச் சொன்னதும் சாவி திரும்பி வரும். நண்பன் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான், நான் பேசவில்லை. கலிபோர்னியாவில் கறுப்பர்களுக்காக முகப்புப் படத்தை மாற்றிய பலர், என் ஏரியாவைப் பற்றி அதே விருந்தில் பேசிய பேச்சு தனி.

மல்லிகா (இல்லினாய்)

எங்கள் ஊர் சின்னது, பெயர் வேண்டாம். போலீஸுக்குப் புதுக் கவச வண்டி வாங்கும் தீர்மானம் நகர மன்றத்துக்கு வந்தது. பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவர் பெயர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. முதலில் ஒரு அண்ணன், அவர் கடையும் கொள்ளை போன கடைதான், வாங்குங்கள் என்று பேசினார். அடுத்தது நான். எழுதி வைத்திருந்த தாளைப் பிரிக்கவே இல்லை. என் மகன் பதினேழு வயது, கறுத்த பையன், ராத்திரி கூடைப்பந்து முடிந்து வரும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு நடக்கிறான், இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே செய்கிறான் என்று சொன்னேன். அண்ணன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பையனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர். தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் சண்டை. “உன் பையனைச் சொல்லி என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டாயே” என்றார். “உங்கள் கடைக்கு அந்த வண்டி எதற்கு உதவும் என்று சொல்லுங்கள்” என்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. தீர்மானம் அன்று நிறைவேறவில்லை, தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது, கூடவே போலீஸ் சட்டைக் கேமராப் பதிவைக் கேட்டவர்களுக்கு எத்தனை நாளில் தர வேண்டும் என்ற விதியும். அந்த இரண்டாவது விஷயத்தில் அண்ணனும் என் பக்கம்தான், அவர் கடைக் கொள்ளைப் பதிவே அவருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.