கணினி மேசைக்குச் சின்ன ஆம்ப்: எதை வாங்கலாம்?

திரைக்கு இருபுறமும் ஒரு ஜோடி பேசிவ் (உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத) புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள்: 6 ஓம், சென்சிடிவிட்டி 86 டிபி. கேட்கும் தூரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இதற்குப் பொருத்தமான சிறிய கிளாஸ் டி (மின்சாரம் அதிகம் வீணாகாத ஸ்விட்சிங் வகை) ஆம்ப் ஒன்று சொல்லுங்கள்.

வாட் அதிகம் தேவையில்லை. சென்சிடிவிட்டி 86 என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் 1 வாட்டிலேயே 86 டிபி சத்தம் வந்துவிடும். சுத்தமான 20 வாட் இருந்தால் அதற்கு மேல் இன்னும் 13 டிபி. பெட்டியில் போடும் ‘300 வாட்’ பெரும்பாலும் 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) எடுத்த கணக்கு. கூட வரும் அடாப்டர் 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் மொத்தமே 72 வாட்தானே!

என் கேள்வி வேறு. கிளாஸ் டி ஆம்பின் கடைசியில் ஸ்விட்சிங் இரைச்சலை வடிகட்ட ஓர் அவுட்புட் ஃபில்டர் இருக்கும்; சில மலிவு ஆம்ப்களில் அதற்கு முன்பே ஃபீட்பேக் (பிழையைத் திருத்த அவுட்புட்டிலிருந்து திரும்ப எடுக்கும் சிக்னல்) எடுத்துவிடுகிறார்கள். அதனால் ஸ்பீக்கர் இம்பீடன்ஸை (ஓம் அளவை) பொறுத்து ட்ரெபிள் ஏறவோ இறங்கவோ செய்யும். ஃபில்டருக்குப் பிறகு ஃபீட்பேக் எடுக்கும் டிபிஏ3255 (கிளாஸ் டி ஆம்ப் சிப்) மாடல் எது?

அடுத்தது இரைச்சல். யூஎஸ்பி டாக்கும் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) ஆம்பும் சேர்ந்து கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி இரைச்சல் நுழைவது) ஆகி, மவுஸை நகர்த்தினாலே ‘கீ’ என்று கேட்பது உண்டு. மின்தொடர்பே இல்லாத ஆப்டிகல் இன்புட் உள்ள ஆம்ப் எடுத்தால் போதுமா, அல்லது தனி டாக்கும் பேலன்ஸ்டு இன்புட்டும் (இரு கம்பிகளில் எதிரெதிர் சிக்னல் அனுப்பி இரைச்சலை நீக்கும் வகை) நல்லதா? காது அருகிலேயே இருப்பதால் ஹிஸ் (‘ஸ்ஸ்’ இரைச்சல்) குறைவாக, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அளவோடு இருக்க வேண்டும்.

சப்வூஃபருக்கு லைன் அவுட் கட்டாயம்; ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுப்பது ஆபத்து. இந்த ஆம்ப்கள் பெரும்பாலும் பிரிட்ஜ் வகை, மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும்; அதைக் கிரவுண்டோடு இணைத்தால் ஆம்ப் பழுதாகலாம்.