555 உட்காருகிறது, 8051 சாக்கெட் உட்காரவில்லை – அவசரம்!

பாலக்கோடு_பையன்:
அண்ணன்களே, திங்கட்கிழமை டிப்ளமோ புராஜெக்ட் ரிவ்யூ. பிசிபி (சர்க்யூட் போர்டு) நானே வரைந்து, டோனர் டிரான்ஸ்ஃபர் போட்டு (லேசர் பிரிண்ட் மையை அயர்ன்பாக்ஸால் காப்பரில் ஏற்றி), ஃபெரிக் குளோரைடில் எட்ச் செய்து (வேண்டாத காப்பரை அரித்து), ஓட்டையும் போட்டாயிற்று. 8 பின் 555 டைமர் ஐசி அழகாக உட்காருகிறது. 8051 மைக்ரோகண்ட்ரோலருக்கு வாங்கிய 40 பின் சாக்கெட் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஒரு முனையில் பின் இறங்கினால் மறுமுனையில் ஓட்டைக்கு வெளியே நிற்கிறது. சாக்கெட் தப்பா, டிராயிங் தப்பா? சீக்கிரம் சொல்லுங்கள்.

சால்டர்_மணி:
எந்த சாஃப்ட்வேர்? ஃபுட்பிரிண்ட் (ஐசி பின்களுக்கான ஓட்டை அமைப்பு) லைப்ரரியில் எடுத்ததா, நீயே வரைந்ததா? பிரிண்ட் எங்கே எடுத்தாய்? போட்டோ எங்கே? உட்காரவில்லை என்று மட்டும் சொன்னால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

காப்பர்_சைடு:
சந்தேகமே வேண்டாம், மிரர்தான். பாட்டம் லேயரை (அடிப்பக்கக் காப்பரை) மிரர் போட்டு, அதாவது இடவலம் திருப்பி, பிரிண்ட் எடுத்திருப்பாய். எல்லாப் பசங்களும் இங்கேதான் விழுவார்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்_பி:
மிரர் ஆனால் பின் நம்பர் இடம் மாறும், அளவு எப்படி மாறும்? திருப்பிப் போட்டாலும் 40 ஓட்டையும் அதே இடைவெளியில்தானே இருக்கும். சாக்கெட் ஜம்மென்று உட்கார்ந்துவிடும், சர்க்யூட்தான் வேலை செய்யாது. இது வேறு கேஸ்.

காப்பர்_சைடு:
சரி, இது மிரர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் தம்பி, பாட்டம் காப்பரை மிரர் போடாமல்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். பேப்பரைக் கவிழ்த்துத் தேய்க்கும்போது அதுவே திரும்பிக்கொள்ளும். டாப் லேயர் என்றால்தான் மிரர். காப்பரில் உன் பேரை எழுதி வை, எட்ச் செய்த பிறகு நேராகப் படிக்க முடிந்தால் சரி.

அயர்ன்பாக்ஸ்:
சூட்டில் பேப்பர் சுருங்கியிருக்கும். பருத்தித் துணி சூட்டில் வைக்காதே என்று எத்தனை இழையில் எழுதுவது?

ஓசூர்_ஷிஃப்ட்_பி:
ஓட்டைக்கு வெளியே நிற்கிற அளவுக்கெல்லாம் பேப்பர் சுருங்காது அண்ணா.

வரைபலகை:
இதற்குத்தான் அடிப்படை வேண்டும் என்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையால் வரையும் மினி டிராஃப்டரைத் தொட்டதே இல்லை, மவுஸைப் பிடித்தவுடன் டிசைனர் ஆகிவிடுகிறார்கள். ஸ்கேல் என்றால் என்ன, டைமென்ஷன் எதற்குப் போடுகிறோம் என்று தெரியாதவன் பிசிபி வரையக் கூடாது. முதலில் பென்சிலும் ஷீட்டும் வாங்கிப் பழகு. மற்றதெல்லாம் அப்புறம்.

சால்டர்_மணி:
சார், அவனுக்கு ரிவ்யூ திங்கட்கிழமை.

பாலக்கோடு_பையன்:
கீகேட்தான் அண்ணா. ஃபுட்பிரிண்ட் அதிலேயே இருந்த 40 பின் டிப் (இரண்டு வரிசைப் பின்). பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தேன். போட்டோ ஏறமாட்டேன் என்கிறது, இங்கே நெட் மோசம்.

மில்_மீட்டர்:
கிரிட் (வரைகட்ட இடைவெளி) எவ்வளவு வைத்தாய்? 2.5 மில்லிமீட்டர் வைத்திருப்பாய். டிப் ஐசியின் பின் இடைவெளி 2.54. நிறையப் பேர் அந்த .04-ஐ விட்டுவிடுவார்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்_பி:
லைப்ரரி ஃபுட்பிரிண்ட் என்கிறானே, கிரிட் எதுவாக இருந்தாலும் பேட்கள் (ஓட்டையைச் சுற்றிய காப்பர் திட்டுகள்) இடம் மாறாது. இருந்தாலும் அளந்து பார்த்துவிடலாம். தம்பி, போர்டில் 1-ஆம் பேடின் இடது ஓரத்திலிருந்து 20-ஆம் பேடின் இடது ஓரம் வரை ஸ்கேல் வைத்து அள. நடுப்புள்ளியைக் கண்ணால் தேடாதே, ஓரத்துக்கு ஓரம்தான் சரியாக வரும். 19 இடைவெளி, 48.26 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 2.5 கிரிட் கோளாறு என்றால் 47.5 வரும். அதையும்விடக் குறைந்தால் பிரிண்ட் சுருங்கியிருக்கிறது.

பாலக்கோடு_பையன்:
ஸ்டீல் ஸ்கேலில் 47-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது.

ஓசூர்_ஷிஃப்ட்_பி:
அப்போ பிரிண்ட்தான். கிட்டத்தட்ட 97 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. கடையில் பிடிஎஃப்பைத் திறந்து ‘ஃபிட்’ என்று இருப்பதை அப்படியே விட்டு அமுக்கியிருப்பார்கள். மார்ஜினுக்குள் அடங்கட்டும் என்று அது தானாகச் சுருக்கிவிடும். 555-க்கு ஒரு பக்கம் 3 இடைவெளிதான், கால் மில்லிமீட்டர்கூடக் குறையாது, ஓட்டை விட்டுக்கொடுத்துவிடும். 40 பின்னில் அதே 3 சதவீதம் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ போடச் சொல். கீகேட்டில் பிளாட் எடுக்கும்போது ஸ்கேல் 1:1, டிரில் மார்க் ‘ஸ்மால்’ வைத்துக்கொள். பேட் நடுவில் சின்னப் புள்ளி வெறுமையாக எட்ச் ஆகும், டிரில் பிட் வழுக்காமல் அதில் நிற்கும்.

வரைபலகை:
நான் சொன்னதும் இதைத்தான், யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் மைலார் ஷீட்டில் கருப்பு டேப்பை இரண்டு மடங்கு பெரிதாக ஒட்டி, கேமராவில் பாதியாகக் குறைத்த காலத்தில், ஆர்ட்வொர்க் ஓரத்தில் இரண்டு குறி வைத்து நடுவே அளவு எழுதிவிடுவோம். குறைத்த பிறகு அந்த அளவு வருகிறதா என்று பார்க்காமல் ஃபிலிம் வெளியே போகாது. நீயும் போர்டுக்கு வெளியே 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடு. பிரிண்ட் கையில் வந்ததும், கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னால் அதை அள.

சால்டர்_மணி:
சார், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஓசூர்_ஷிஃப்ட்_பி:
கோடு யோசனை அருமை. ஆனால் அதற்கு மினி டிராஃப்டர் எதற்கு சார்? சிப்காட்டில் நான் பார்க்கிற வேலையில் எல்லாம் கெர்பர் ஃபைல்தான் (போர்டு செய்யும் மெஷின் படிக்கிற ஃபைல்). பென்சில் டிராயிங்கை வைத்து ஒரு மெஷினும் ஓடாது.

வரைபலகை:
மெஷின் ஓடும். பேப்பரில் மூன்று இடத்தில் ஒயர் குறுக்கே போய், இணைகிற புள்ளி எங்கே, இணையாத தாண்டல் எங்கே என்று தெரியாமல் மனிதர்கள்தான் முழிப்பார்கள். கையால் வரைந்தவன் பவரை மேலே, கிரவுண்டைக் கீழே, சிக்னலை இடமிருந்து வலமாகப் போடுவான். ரெசிஸ்டருக்கு ஒழுங்காக வளைந்து நெளிந்த கோடு போடுவான்.

மில்_மீட்டர்:
சர்வதேசத் தரமான ஐஇசி 60617-இல் ரெசிஸ்டர் நீள்கட்டம்தான் சார். நெளிகோடு அமெரிக்கப் பழக்கம்.

வரைபலகை:
எந்த ஊர்ப் பழக்கமாக இருந்தால் என்ன? நான் திருத்துகிற பேப்பரில் கட்டம் போட்டால் மார்க் இல்லை.

காப்பர்_சைடு:
அப்போ கீகேட்டில் இரண்டு சிம்பலும் எதற்கு இருக்கிறதாம்?

அயர்ன்பாக்ஸ்:
நான் இன்னமும் சொல்கிறேன், சூடுதான்.

பாலக்கோடு_பையன்:
புதுப் பிரிண்டில் கோடு சரியாக 100 வந்தது. சாக்கெட் இறங்கிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இப்போது 16×2 எல்சிடியில் மேல் வரிசை முழுக்கக் கறுப்புக் கட்டமாக நிற்கிறது. புரோகிராம் ஓடவில்லையா?

சால்டர்_மணி:
8051-இல் 31-ஆம் பின்னை 5 வோல்ட்டில் கட்டினாயா? இல்லாவிட்டால் உள்ளே ஏற்றிய புரோகிராமை அது படிக்காது. கிரிஸ்டல் எவ்வளவு? 9-ஆம் பின்னில் ரீசெட் எப்படிப் போட்டிருக்கிறாய்? ஸ்கீமேட்டிக்கை (சர்க்யூட் வரைபடத்தை) போடு.

சால்டர்_மணி:
தம்பி, இருக்கிறாயா?

வரைபலகை:
ஸ்கீமேட்டிக் வரையாமல் நேராக லேஅவுட் போட்டிருப்பான்.