விளையாட்டில் பாடம் நடந்த கதைகள்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

சி.ஆர்.சி. கூட்டம் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம்) என்றால் ஆளாளுக்கு ஒரு சார்ட்டோடு வருகிறோம். ஜிகினா ஒட்டி, தெர்மாகோல் வெட்டி, பார்க்க அழகாகத்தான் இருக்கும். மறுநாள் அது பீரோ மேல் ஏறிவிடும். பிள்ளை கை படாத கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் உண்மையிலேயே எடுபட்ட விளையாட்டு எது, அது எந்த இடத்தில் படுத்துவிட்டது, இரண்டையும் எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

என் பிள்ளைகளுக்குக் கெ, கே, கொ, கோ வரிசைதான் எப்போதும் முட்டுக்கட்டை. காதில் முதலில் விழுவது 'க்'. எழுதும்போது முதலில் வருவதோ கொம்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதில் ஒரு நியாயமும் தெரியாது. கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கும்.

பழைய நோட்டு அட்டைகளில் க, ப, ம, த என்று எழுதி, நூல் கோத்து, ஆளுக்கு ஒன்று மாட்டிவிட்டேன். இன்னும் மூன்று பேருக்கு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால். ஒருத்தி கையில் வட்டமாக வெட்டிய சிவப்பு அட்டை, அவள்தான் புள்ளி. நான் "மொ" என்றால் 'ம' நடுவில் வந்து நிற்க வேண்டும், கொம்பு இடப்பக்கம் ஓடி வர வேண்டும், கால் வலப்பக்கம். சரியா தப்பா என்று உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள். "ம்" என்றால் புள்ளிக்காரி ஸ்டூலில் ஏறி 'ம'வின் தலைக்கு மேல் அட்டையைப் பிடிப்பாள். அந்த வேலைக்கு வகுப்பே அடித்துக்கொள்ளும்.

செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து நின்றால் இடம் வலம் மாறிவிடும். அட்டையை முதுகில் தொங்கவிட்டு, கரும்பலகையைப் பார்த்து நிற்க வையுங்கள்.

படுத்த இடம் உகர வரிசை. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுழிகிறது. தனியாகக் கழற்றி ஒரு பிள்ளைக்கு மாட்டிவிட அதில் எதுவும் இல்லை.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியர், தென்காசி மாவட்டம்

முதுகில் அட்டை, நல்ல யோசனை டீச்சர். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை இன்னொருவர் பார்க்கிறார், நான்கும் ஐந்தும் என்னிடம்.

எங்களுக்குக் கைகொடுத்தது பல்லாங்குழி. கட்டையெல்லாம் கிடையாது. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு வட்டம். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. பலரும் இதில் எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்று நினைக்கிறார்கள். விஷயமே முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் இருக்கிறது. ஒருத்தி கையில் 38, எதிரில் இருப்பவன் கையில் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் வரிசையை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். அவளுக்கு ஏழு குழியும் நிரம்பி மூன்று மிஞ்சும். இவனுக்கு ஆறு குழிதான் நிரம்பும், இரண்டு மிஞ்சும், ஏழாவது குழி காலி.

ஒரு நாள் ஒரு பையன் விதையைக் கையில் வைத்துக்கொண்டே, குழியில் போட்டுப் பார்க்காமலே, "சார், எனக்கு ஒரு குழி போச்சு" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். வகுத்தல், ஈவு, மீதி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதே பையனிடம் நோட்டில் 32-ஐ 5-ஆல் வகுக்கச் சொன்னால் தலையைச் சொறிந்தான். விளையாட்டு தானாக நோட்டுக்குள் இறங்கிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். கொஞ்ச நாள் நோட்டிலும் ஏழு வட்டம் வரைந்து பங்கு போட விட்டேன். அப்புறம் அவர்களே "வட்டம் எதுக்கு சார்" என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் சத்துணவுக்கூடத்து அக்கா எட்டிப் பார்த்து, "எங்க ஊர்ல குழிக்கு ஆறு போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் இன்னும் எத்தனை கொட்டை வேண்டும்? ஒருத்தி பதினான்கை ஆறால் பெருக்கி 84 என்று கண்டுபிடித்து, அதில் 70-ஐக் கழிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவன், "குழிக்கு ஒண்ணுதானே கூட, பதினாலு போதும்" என்றான். அன்றைக்கு நான் நடத்த வைத்திருந்த பாடத்தை எடுக்கவே இல்லை.

தனியார் பள்ளி ஆசிரியை, கோவை

நீங்கள் தரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வகுப்பில் பெஞ்சே நகராது, நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், பக்கத்து செக்‌ஷனுக்குச் சத்தம் கேட்டால் உடனே ஆள் வரும். அதனால் நான் செய்வது மௌன வரிசை. வரிசைக்கு நான்கு பேரை அழைத்து 308, 380, 803, 830 என்று சீட்டுக் கொடுப்பேன். வாயைத் திறக்காமல் சிறியதிலிருந்து பெரியதாக நிற்க வேண்டும். கண்ணாலும் கையாலும் அவர்கள் போடும் சண்டையைப் பார்க்க வேண்டுமே!

டைரியில் 'விளையாடினோம்' என்று எழுதினால் அன்று மாலையே போன் வரும். 'மூன்றிலக்க எண்கள், ஏறுவரிசை' என்று எழுதிவிடுகிறேன். அதுவும் உண்மைதானே.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சென்னை

2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் வகுப்பில் இருந்தவன். ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து வந்து தொடங்கியது, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. பாய் விரித்து ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தோம். பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டையைப் பார்த்து, தன் அடுத்த அட்டை எது என்று பிள்ளையே எடுத்துக்கொள்ளும். அந்த சுதந்திரம் பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போகப் போக அட்டையே புத்தகமாகிவிட்டது. எடு, முடி, அடுத்ததை எடு. ஆளுக்கு ஆள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதுதான் பேச்சு. நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டியதைக்கூடத் தனியாக உட்கார்ந்து முடித்துவிட்டு டிக் வாங்க வருவார்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்தது. நீங்களும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறீர்கள். மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே ஆட்டத்தில் உட்கார வைக்க முடிகிறதா? அதைத்தான் கேட்க வந்தேன்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் தரம் 1, 2 வரைக்கும் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே கூடுதல் இடம். மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறபடியால் தரம் 4-இலேயே பெற்றோர், "ரீச்சர், இன்னும் கடை விளையாட்டுத்தானோ?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

நான் கடையை மூடவில்லை, ஒரு விதியைச் சேர்த்தேன். கடை முதலாளியாக இருக்கிற பிள்ளை ஒரே ஒரு முறை மிச்சக் காசைப் பிழையாகக் கொடுக்கலாம். வாங்குகிற பிள்ளை அதைக் கண்டுபிடித்தால் சாமான் இலவசம். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் காசை எண்ணாமல் கதவைத் தாண்டுவதில்லை. பிழையாகக் கொடுக்கிற பிள்ளைக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

ஐயா, ஓரளவு முடிகிறது. என் ஆட்டத்தில் 'க', 'ம' அட்டைகள் அரும்புப் பிள்ளைகளுக்கு. அவர்கள் தங்கள் எழுத்தைக் கேட்டு எழுந்து வந்தாலே போதும். கொம்பும் காலும் மொட்டுக்கு. மலர்ப் பிள்ளைகள் என் இடத்தில் நின்று எழுத்தைச் சொல்வார்கள், அப்புறம் 'கொடி', 'மேகம்' என்று சொல்லுக்கே போய்விடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அட்டையை மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் யார் அரும்பு என்று பிள்ளைகளே பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்து டீச்சரின் விதியை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். உகரத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்

உகரத்தைக் கழற்ற முடியாது, ஆனால் கூட்டம் பிரிக்கலாம். வகுப்பறையின் மூன்று மூலைகளை மூன்று வீடாக்குங்கள். சு, பு, யு, வு நேராகக் கோடு இறங்கும், அது ஒரு வீடு. து, நு, ணு, லு, று, னு கடைசியில் காலை மடக்கி மேலே ஏறும், அது இரண்டாவது. கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளையும், அது மூன்றாவது. கையில் சீட்டோடு நடுவில் சுற்றிவர வேண்டும். கைதட்டு நின்றதும் தன் வீட்டுக்கு ஓட வேண்டும். முதலில் 'து'வைப் பிடித்துக்கொண்டு 'சு' வீட்டில் போய் நிற்பார்கள்; அங்கே இருப்பவர்களே "உனக்குக் கால் மடங்குது, போ போ" என்று விரட்டிவிடுவார்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஙு, ஞு இரண்டையும் சீட்டில் சேர்க்காதீர்கள். அந்த எழுத்து வருகிற சொல்லை இரண்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே பார்க்கப்போகிறது?