தோட்டத்துக் கூட்டு வாழ்வு குறைந்து தற்பெருமை வளர்கிறதா?

கொட்டகலையிலிருந்து கேள்வி:
முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், தப்பு முழங்கத் தொடங்கியது முதல் கருமாதி முடியும்வரை எல்லாக் காரியங்களையும், வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமே இழுத்துப் போட்டுச் செய்யும். இப்போது கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தாவை அனுப்புவதோடு சரி. மாசியில் காமன் கூத்துக்கு மதன், ரதி வேடம் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆனால், தன் பிறந்தநாளுக்குத் தன் படத்தையே போட்டுச் சந்தியில் பேனர் கட்ட ஆட்கள் இருக்கிறார்கள். இது படிப்பால் வந்ததா, பணத்தால் வந்ததா?

பதுளையிலிருந்து பதில்:
ஒதுங்கிப்போவதையும் தற்பெருமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1840 இலேயே, தன்மீது கொள்ளும் மிதமிஞ்சிய பற்றாகிய தன்னலம் வேறு, நிதானமாக யோசித்துத் தன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஒதுங்கிக்கொள்ளும் தனிமனிதவாதம் வேறு என்று பிரித்துக் காட்டினார். சந்தா அனுப்பும் பிள்ளை இரண்டாவது வகை. பேனர் கட்டுகிறவருக்கோ பார்ப்பதற்குக் கூட்டம் வேண்டும். அவர் கூட்டத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை. கோட்டும் தலைப்பாகையுமாக மலையில் நின்று தொழிலாளரை மேய்த்த பெரிய கங்காணிக்கு இல்லாத தற்பெருமையா?

தலவாக்கலையிலிருந்து பதில்:
அந்தப் பழைய ஒற்றுமையில் கட்டாயமும் கலந்திருந்தது. 1921 இல் தடைசெய்யப்படும்வரை இருந்த துண்டு முறையில், கடன் தொகை எழுதிய சீட்டை வைத்து, கடனோடு சேர்த்தே தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். அது போன பிறகும், என் அம்மாயி பறித்த கொழுந்துக்குரிய சம்பளத்தைத் தாத்தாதான் கைநீட்டி வாங்கினார்; அதைப் பற்றிக் கேட்கிற வழக்கமே வீட்டில் இல்லை. இன்று தன் பெயரில் வங்கிப் புத்தகம் வைத்திருக்கும் பேத்தியைச் சுயநலக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழி வெட்ட ஆளில்லாமல் போனது குறைதான், அதை மறுக்கவில்லை.

ஹட்டனிலிருந்து பதில்:
படிப்பை விட வேலைமுறைதான் பெரிய காரணம். 2021 இல் சம்பளச் சபை நாட்கூலியை 1,000 ரூபாயாக்கியதும் தோட்டக் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சில தோட்டங்களில் மலையைப் பங்கு பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கிலோ கணக்கில் கொழுந்து வாங்குகிறார்கள். ஒரே செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பெயர் இருந்தபோது ஒருவருக்காக மற்றவர் வேலையை நிறுத்தினார். இன்று அடுத்த வீட்டார் வேலையை நிறுத்தினால் என் கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் பிள்ளைகளின் குணத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. கூத்தை அவர்களுக்கு லீவு கிடைக்கும் நாளில் வைத்துப் பாருங்கள், வேடம் கட்ட வருவார்கள்.