அப்பா போட்ட ஃபார்வர்ட்

குழு: கூட்டுக் குடும்பம்
டிசம்பர் 4

அப்பா, காலை 6:52
(ஃபார்வர்ட் செய்யப்பட்டது) இன்று கடற்படை நாள்!! 1971இல் இதே நாள் இரவில் நமது மூன்று குட்டிப் படகுகள் கராச்சியைத் தாக்கின!! உலகிலேயே முதன்முதலாக ஏவுகணைப் படகு போரில் இறங்கியது அன்றுதான்!! கராச்சித் துறைமுகமே கடலில் மூழ்கியது!! பெருமையுடன் பகிரவும்!!

அம்மா, 6:55
துறைமுகம் எப்படிங்க மூழ்கும்?

அப்பா, 6:56
வந்ததைப் போட்டேன். மச்சான் எழுந்ததும் சொல்வார்.

பாலு மாமா, 7:20
மாப்பிள்ளை, தேதி சரி. மூன்று படகும் சரி. மற்ற இரண்டும் தவறு.

கவின் அண்ணா, 7:21
ஆரம்பித்துவிட்டார் 😄

பாலு மாமா, 7:26
முதல் தடவை 1967 அக்டோபர் 21. எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வெளியே எய்லாத் என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பல் ரோந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் கட்டிய கப்பல். எகிப்தியர்களிடம் கொமார் வகைப் படகுகள் இருந்தன. கொமார் என்றால் ரஷ்ய மொழியில் கொசு. டார்பிடோ படகின் மர உடம்பில் இரண்டு ஏவுகணைப் பெட்டியைத் தூக்கி வைத்தது, அவ்வளவுதான். அவை துறைமுகத்தை விட்டு வெளியே கூட வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே கல் எறிந்த மாதிரி அடித்தன. எய்லாத் மூழ்கியது. 47 பேர் இறந்தார்கள்.

பாலு மாமா, 7:28
இன்னொன்று. எகிப்துக்கு அக்டோபர் 21தான் கடற்படை நாள். நமக்கு டிசம்பர் 4. இரண்டு நாட்டுக்கும் அந்த நாளைக் கொடுத்தது ஏவுகணைப் படகுதான்.

நான், 7:30
மாமா, நீங்கள் ஓட்டியதும் இதே படகா?

பாலு மாமா, 7:34
நான் ஓட்டவில்லை கண்ணு, எஞ்சின் அறையில் இருந்தேன். ஓசா வகை. மேற்கத்திய நாடுகள் வைத்த பெயர், ஓசா என்றால் குளவி. கொமாரை விடப் பெரியது, எஃகு உடம்பு, நான்கு ஏவுகணை. 1971இல் போனது ஓசா-1, நான் 80களில் வேலை பார்த்தது ஓசா-2. மூன்று டீசல் எஞ்சின். ஒவ்வொன்றிலும் 56 சிலிண்டர், தண்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி ஏழு வரிசை. மூன்றும் சேர்ந்து 168 சிலிண்டர், படகின் நீளம் 40 மீட்டர் கூடக் கிடையாது. முழு வேகத்தில் போகும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேச முடியாது. கையால் ஜாடைதான்.

பார்வதி அத்தை, 7:36
டிவி சத்தம் தெருமுனை வரை கேட்பதற்குக் காரணம் அதுதான். 168 சிலிண்டரோடு வாழ்ந்த காது.

அம்மா, 7:37
அண்ணா, அண்ணி சொல்வது சரிதான். போன் பேசினால் ஆ? ஆ? என்கிறாய்.

பாலு மாமா, 7:38
ஆ?

கவின் அண்ணா, 7:44
மாமா, ஒரு சந்தேகம். 200 டன் படகு ஒரு நாசகாரியை மூழ்கடிக்கும் என்றால் பெரிய கப்பல் எதற்கு? ஒரு பெரிய கப்பல் கட்டும் இடத்தில் நூறு படகு கட்டிவிடலாமே. நார்வேயின் ஷோல்ட் வகை 60 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர் வேகம் போகிறது, எட்டு ஏவுகணை. சீனா இரட்டை உடம்பு வைத்த 022 வகையை டஜன் கணக்கில் கட்டி வைத்திருக்கிறது. இதுதான் எதிர்காலம்.

பாலு மாமா, 7:52
எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். கராச்சிக்கு எப்படிப் போனார்கள் என்று பார், பதில் அதிலேயே இருக்கிறது. நிபாத், நிர்காத், வீர் மூன்றும் தனியாகவா போயின? கில்டான், கட்சால் என்று இரண்டு பெரிய கப்பல்கள் கூடப் போயின. திசை காட்ட, தகவல் தொடர்புக்கு, நீர்மூழ்கி வந்தால் கவனிக்க. போஷக் என்ற எண்ணெய்க் கப்பலும் போனது. ஏன்? படகின் தொட்டி சின்னது, வயிறு பெரியது. பகலில் எதிரி விமானம் எட்டாத தூரத்தில் காத்திருந்து, இருட்டிய பிறகுதான் பாய்ந்தார்கள்.

பாலு மாமா, 7:54
வெறும் கடலோரக் காவலுக்கென்று வாங்கிய படகு அது. ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்தபோது பம்பாயில் அதை இறக்குகிற பளு தூக்கி இல்லை. கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து தீபகற்பத்தைச் சுற்றி வேறு கப்பல் கட்டி இழுத்து வந்தார்கள். அப்படிப்பட்ட படகை அடுத்த நாட்டுத் துறைமுக வாசலுக்குக் கொண்டு போகலாம் என்று நினைத்தார்கள் பார், அதுதான் பெரிய விஷயம். ஏவுகணை இரண்டாவது.

அப்பா, 7:56
யார் நினைத்தது?

பாலு மாமா, 7:59
பலர். துணிந்து சரி என்றவர் கடற்படைத் தலைவர் நந்தா. அவர் வளர்ந்ததே கராச்சியில், துறைமுக வாசலில் இருக்கிற மனோரா தீவில். அந்தத் தண்ணீர் அவருக்கு வீட்டு முற்றம். களத்தில் தலைமை தாங்கியவர் பப்ரு பான் யாதவ். மகா வீர் சக்கரம் வாங்கினார்.

நான், 8:02
அப்படியானால் அன்று என்னதான் நடந்தது? மூழ்கியது எது?

பாலு மாமா, 8:11
நிர்காத் அடித்தது கைபர் என்ற நாசகாரியை. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் வானத்தில் ஒரு பிரகாசமான ஒளி தங்களை நோக்கி வருவதைப் பார்த்தார்கள். விமானம் என்று நினைத்து விமான எதிர்ப்புத் துப்பாக்கியால் சுட்டார்கள். முதல் ஏவுகணை பட்ட பிறகும் "எதிரி விமானம் தாக்கியது" என்றுதான் செய்தி அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் தாங்கள் இருக்கும் இடத்தையும் தவறாகச் சொல்லிவிட்டார்கள். காப்பாற்ற வந்தவர்கள் வேறு இடத்தில் தேடினார்கள். கண்ணால் பார்த்தும் என்னவென்று தெரியாமல் 200க்கு மேல் ஆட்கள் போனார்கள். கேட்டால் எனக்கு இன்றும் மனது ஒரு மாதிரி ஆகும். அவர்களும் எங்களைப் போல எஞ்சின் அறையில் நின்றவர்கள்தானே.

பாலு மாமா, 8:13
வீர் அடித்தது முஹாஃபிஸ், கண்ணிவெடி அகற்றும் கப்பல். அது செய்தி அனுப்பக்கூட நேரம் இல்லாமல் போய்விட்டது. நிபாத் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. நம் பக்கம் ஒருவருக்கும் காயம் இல்லை. டிசம்பர் 8 இரவு வினாஷ் என்ற ஒரே படகு, தல்வார், திரிசூல் என்ற இரண்டு பெரிய கப்பல்களோடு திரும்பப் போய் நான்கு ஏவுகணை விட்டது. கராச்சித் துறைமுகத்தின் கெமாரி எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஆக, மாப்பிள்ளை, எரிந்தது எண்ணெய்த் தொட்டி. துறைமுகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்பா, 8:14
குறித்துக்கொண்டேன்.

கவின் அண்ணா, 8:20
சரி மாமா, ஆனால் அடித்தது படகுதானே? இன்றைய ஏவுகணை தண்ணீரை உரசிக்கொண்டு வருகிறது. பெரிய கப்பலால் என்ன செய்ய முடியும்?

பாலு மாமா, 8:25
நிலா, உனக்கு ஒரு கணக்கு. பூமி வளைந்திருப்பதால் ரேடார் ஓரளவு தூரத்துக்குத்தான் பார்க்கும். ரேடார் உயரத்தின் வர்க்கமூலம், வரும் பொருளின் உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கு. உயரம் மீட்டரில், விடை கிலோமீட்டரில். ரேடார் 16 மீட்டர் உயரத்தில். ஏவுகணை 4 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 300 மீட்டர் வேகம். கப்பலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

நான், 8:31
4 + 2 = 6. 6 × 4.12 = 24.72 கி.மீ. அதை 0.3ஆல் வகுத்தால் 82 விநாடி. மாமா, நிஜமாகவே 82 விநாடியா??

பாலு மாமா, 8:33
நிஜமாகவே. அதற்குள் பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், கட்டளை கொடுக்க வேண்டும், சுட வேண்டும். இதில் அதிக நேரம் பிடிப்பது நம்புவதுதான்.

கவின் அண்ணா, 8:34
பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்!

பாலு மாமா, 8:42
அவசரப்படாதே. இதே கணக்கு படகுக்கும் உண்டு. அதன் ரேடார் இன்னும் தாழ்வாக இருக்கும். 100 கிலோமீட்டர் போகிற ஏவுகணையை வைத்துக்கொண்டு 30 கிலோமீட்டர்கூடப் பார்க்க முடியாமல் நிற்கும். எதிரி எங்கே என்று வேறு யாராவது சொல்ல வேண்டும். விமானமோ, ஹெலிகாப்டரோ, கரையில் மலை மேல் ரேடாரோ. நீ சொன்ன நார்வே படகு ஏன் நார்வேயில் பிழைக்கிறது? ஒளிந்துகொள்ள ஃபியோர்டு ஃபியோர்டாக, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து, கரை மடிந்து கிடக்கிறது. அதையே நடுக்கடலில் விட்டுப் பார்.

பாலு மாமா, 8:50
1973 அரபு-இஸ்ரேல் போரைப் பார். சிரியா, எகிப்து கையில் எய்லாத்தை மூழ்கடித்த அதே ஸ்டிக்ஸ் ஏவுகணை, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போகும். இஸ்ரேல் கையில் கேப்ரியல், 20 கிலோமீட்டர். காகிதத்தில் யார் ஜெயிக்க வேண்டும்? ஆனால் தன் துறைமுகமான லதாக்கியா அருகே ஒரே இரவில் சிரியா ஐந்து கலங்களை இழந்தது. இரண்டு இரவு கழித்து எகிப்தியக் கரையில் பல்டிம் அருகே எகிப்தின் மூன்று ஓசா போயின. இஸ்ரேலியப் படகு ஒன்றுகூடப் போகவில்லை.

கவின் அண்ணா, 8:51
எப்படி?

பாலு மாமா, 8:58
எய்லாத் கற்றுக்கொடுத்த பாடம். ஸ்டிக்ஸின் மூக்கில் ஒரு ரேடார் இருக்கிறது. கிட்டே வந்ததும் அது விழித்து, எதிரொலி பெரிதாக இருக்கும் பக்கம் திரும்பும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. இஸ்ரேலியர்கள் அலுமினிய இழைகளை வானத்தில் தூவினார்கள், ரேடாரைக் குழப்பும் கருவியையும் போட்டார்கள். ஏவுகணைகள் அந்த இழை மேகத்தைத் துரத்திக்கொண்டு கடலில் விழுந்தன. அப்புறம் இடைவெளியைக் கடக்க வேண்டும். எதிரி அசையாமல் நின்றான் என்றே வைத்துக்கொள், 20 கிலோமீட்டரை மணிக்கு 74 கிலோமீட்டரில் கடக்க 16 நிமிடம். அந்த 16 நிமிடமும் அவன் உன்னைச் சுடலாம், நீ அவனைச் சுட முடியாது. அந்தப் படகின் எஞ்சின் அறையில் நிற்பவனுக்கு அது எவ்வளவு நீளமான 16 நிமிடம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அம்மா, 9:00
நீ எப்போதாவது அப்படி நின்றிருக்கிறாயா அண்ணா? சொன்னதே இல்லையே.

பாலு மாமா, 9:06
போரில் இல்லை மீனா. பயிற்சியில்தான். ஏவும்போது மேல்தளத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, எல்லாக் கதவும் அடைத்திருக்கும். கீழே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு உதறல், பிறகு படகு லேசாக நிமிர்வது காலில் தெரியும். இரண்டேகால் டன் இறங்கிப் போகிறதல்லவா. எனக்கு அதைவிடப் பயம் எரிபொருள் ஏற்றும் நாள். திரவ எரிபொருள், கூடவே புகையும் நைட்ரிக் அமிலம். ரப்பர் உடுப்பு, முகமூடி. ஒரு சொட்டு சிந்தினாலும் எல்லோரும் ஓட வேண்டும்.

பார்வதி அத்தை, 9:08
எனக்குக் கடிதத்தில் "வேலை சுலபம், காற்றோட்டமாக இருக்கிறது" என்று எழுதினார்.

பாலு மாமா, 9:09
வெளியே காற்று இருந்தது.

கவின் அண்ணா, 9:15
சரி, படகுக்குப் படகு விட்டுவிடுங்கள். வானத்திலிருந்து வந்தால்?

பாலு மாமா, 9:19
அதுதான் படகின் சாவு. 1991 வளைகுடாப் போரில் குவைத் அருகே புபியான் தீவுப் பக்கம் ஈராக்கின் படகுகள் ஈரானுக்குத் தப்பி ஓடப் பார்த்தன. பிரிட்டிஷ் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் சீ ஸ்குவா என்ற சின்ன ஏவுகணையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கின. கூட்டணி விமானங்களும் சேர்ந்துகொண்டன. சில நாளில் ஈராக் கடற்படை என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. படகு வேகம்தான், ஆனால் ஹெலிகாப்டரை ஓடி ஜெயிக்குமா? மேலே இருப்பவனுக்குத் தூரம் தெரிகிறது, கீழே இருப்பவனுக்குத் தெரியவில்லை.

நான், 9:21
அப்போ ஒளிந்து இருட்டில் போனால் ஜெயிக்கும், வெளிச்சத்தில் ஓடினால் தோற்கும்.

பாலு மாமா, 9:22
கவினுக்கு இரண்டு மணி நேரமாகச் சொல்வதை இவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

கவின் அண்ணா, 9:23
நான் வேண்டுமென்றே எதிர்வாதம் செய்தேன்.

அம்மா, 9:23
ஆமாம் ஆமாம்.

கவின் அண்ணா, 9:31
மாமா, இதைப் பார்த்தீர்களா? 2024 பிப்ரவரி 1. இவானோவெட்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பல், கிரிமியாவின் டோனுஸ்லாவ் ஏரியில். ஆளில்லாத மகுரா படகுகளை விட்டு உக்ரைன் மூழ்கடித்தது. அந்தப் படகு ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர் நீளம்தானாம். இருட்டில் எடுத்த வீடியோ. அனுப்பட்டுமா?

பாலு மாமா, 9:48
பார்த்தேன். அனுப்பாதே, திரும்பப் பார்க்க வேண்டாம்.

பாலு மாமா, 9:55
அது டாரன்டுல் வகை. ஓசாவுக்குப் பிறகு நாம் வாங்கிக் கட்டிய வீர் வகுப்பும் அதே குடும்பம்தான். எங்கள் கப்பலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள். கராச்சிக்குப் போன வீரின் பெயரைத்தான் அந்த வகுப்பின் முதல் கப்பலுக்கும் வைத்தார்கள். இவானோவெட்ஸிடம் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகிற ஏவுகணை நான்கு இருந்தது. ஐந்தரை மீட்டர் படகு மேல் அதை எப்படி விடுவது? பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள். இருட்டில் தாழ்வாக ஒன்று வருகிறது, என்னவென்று தெரியவில்லை. கைபரில் இருந்தவர்கள் பார்த்ததும் அதைத்தான்.

நான், 9:57
கொசுவைக் கடித்த கொசு.

பாலு மாமா, 9:59
ம். அந்தக் கொசுவுக்கும் எங்கே போக வேண்டும் என்று யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். கவின், நீ பார்த்த வீடியோ எடுத்தது எந்தப் படகு? அடித்த படகின் கேமரா. தூரத்தில் ஒருவன் உட்கார்ந்து அதைப் பார்த்தே ஓட்டியிருக்கிறான். 82 விநாடிக் கணக்கை அங்கே போட்டுப் பார்.

கவின் அண்ணா, 10:02
போட்டுப் பார்க்கிறேன் மாமா. இரவில் அழைக்கிறேன்.

பார்வதி அத்தை, 10:03
சத்தமாகப் பேசு.

அம்மா, 10:06
ஏங்க, காலையில் போட்டதை அழித்துவிடுங்கள். துறைமுகம் மூழ்கியது என்று இன்னும் மேலே நிற்கிறது.

அப்பா, 10:09
இங்கே அழித்துவிடலாம். அலுவலகக் குழு, பள்ளி நண்பர் குழு, நடைப்பயிற்சிக் குழு மூன்றிலும் ஏழு மணிக்கே போட்டாயிற்று. நடைப்பயிற்சிக் குழுவில் 14 பேர் கை தட்டியிருக்கிறார்கள்.

பாலு மாமா, 10:10
மாப்பிள்ளை, அந்தக் குழுவில் என்னையும் சேருங்கள்.