சோலார் போட்டும் நிலைக் கட்டணம் விடவில்லை, இணைப்பைத் துண்டிக்கலாமா?

கேள்வி: மாடியில் சோலார் போட்ட பிறகு யூனிட் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனாலும் நிலைக் கட்டணம் அப்படியே வருகிறது. பேட்டரி வாங்கிவிட்டு இணைப்பையே துண்டித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பகலில் மிஞ்சுவதை வாங்கிக்கொண்டு ராத்திரி கரண்ட் தருவது அந்த லைன்தான், அது இல்லையென்றால் தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களுக்கும் சேர்த்துப் பேட்டரி வைக்க வேண்டும், அதையும் சில வருடங்களில் மாற்ற வேண்டும். அப்புறம் தண்ணீர் மோட்டார். ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

இன்னொருவர்: சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் (சோலார் கரண்டை லைனோடு இணைக்கும் கருவி) லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. தனியாக ஓட்ட அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேட்டவர்: சரி, கட்டணத்தைக் குறைக்க வழியே இல்லையா?

பதில்: கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணம் போடுகிறார்கள் என்றால், அனுமதி பெற்ற லோடை, அதாவது உங்கள் இணைப்புக்குப் பதிவாகியிருக்கும் கிலோவாட் அளவை, குறைக்க விண்ணப்பியுங்கள்.